மந்தையைக் கூப்பிட்ட ரிங்டோன்

என் போனில் ரிங்டோன் கிடையாது. எப்போதும் அதிர்வுதான். "ஆச்சி போனை எடுக்கவே மாட்டாங்க" என்று ஊரே குறைப்படுகிறது. சம்பந்தி வீட்டில் இதனால் ஒரு மனத்தாங்கலே வந்து ஓய்ந்தது. காரணம் கேட்டால், கைப்பைக்குள்ளிருந்து பாட்டுக் கேட்பது எனக்குப் பிடிக்காது என்று எதையாவது சொல்லி வைப்பேன். உண்மையான காரணத்தைச் சொன்னால் இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்பார்கள். ஆகத்தான் செய்தது. கந்தர்வக்கோட்டைக்கு இந்தப் பக்கம், தஞ்சாவூர் ரோட்டோரம், சித்திரை வெயிலில், பட்டப்பகலில் ஆனது.

எனக்கு நடைப்பயணம் நடத்துகிற தொழில். பிறந்தது திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்தில். எங்கள் வீட்டு ஆண்கள் கடல் தாண்டிப் போய்க் கடை வைத்தார்கள். நான் சென்னை ஆட்களையும் பெங்களூர் ஆட்களையும் கூட்டி வந்து ஆட்டு மந்தைக்குப் பின்னால் நடக்க விடுகிறேன். "காசும் குடுத்து வெயில்லயும் காயிறதுக்கு எவன் வருவான்?" என்று என் அண்ணன் கேட்டார். வருகிறார்கள். காலில் கொப்புளத்தோடு வீட்டுக்குப் போய், மறு வருஷம் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். ஏசி அறையில் உட்கார்ந்தே வேலை பார்த்தவர்களுக்கு உள்ளங்கால் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிகிறது.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது மங்கோலியாவில். முன்பு சென்னையில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் இருந்தேன். ஒரு கூட்டத்தை அங்கே அழைத்துப் போகிற வேலை என் தலையில் விழுந்தது. மேய்ச்சல்காரக் குடும்பம் ஒன்றுடன் அவர்கள் போகும் வழியே கூடப் போக வேண்டும். நமக்குக் குதிரை, சாமானுக்கு ஒட்டகம். எங்கள் ஆட்களின் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் இரட்டைத் திமில் ஒட்டகத்தின் மேல் ஆடி ஆடிப் போனதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அங்கே இரண்டு காட்சிகள் மனதில் தங்கிவிட்டன. ஒன்று, குட்டியைச் சேர்க்க மறுத்து உதைத்த ஒரு தாய் ஆட்டின் முன்னால் அந்த வீட்டுப் பெண் உட்கார்ந்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. அது மனமிறங்கிக் குட்டிக்கு மடி கொடுக்கும்வரை பாடினாள். இன்னொன்று, கூடாரத்துக்குள் சீட்டி அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும் எங்கள் கூட்டத்தில் ஒருவர் அடித்துவிட்டார். அதே பெண் சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. யாரோ வந்து நிற்கிறார்களா என்று பார்த்தாள். எனக்கு முதுகு சில்லிட்டது. அன்றைக்கு அது குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பஸ் நின்றது. ரோட்டை அடைத்துச் செம்மறி மந்தை. முன்னால் ஒரு கழுதை. அதன் இரண்டு பக்கமும் கூடைகள், கூடைகளில் அன்றைக்குப் பிறந்த குட்டிகளின் தலைகள், மேலே சட்டி பானை. எங்கோ போய்ப் பார்த்துவிட்டு வந்தது பஸ்ஸுக்கு முன்னாலேயே நடந்து போகிறது. கண்டக்டர் கத்தக் கத்த இறங்கிவிட்டேன்.

மந்தைக்குப் பின்னால் வந்தவர் கீதாரி. மந்தையின் தலைவரை அப்படித்தான் சொல்வார்கள். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். அறுப்பு முடிந்ததும் மனைவியோடும் மந்தையோடும் வடக்கே வருவார். விவசாயிகள் உரத்துக்காகத் தங்கள் வயலில் ஆடுகளை ராத்திரி அடைத்துவைக்கச் சொல்வார்கள். அதுதான் கிடை போடுவது. மற்றவர்கள் எல்லாம் சாமானைக் 'குட்டி யானை' வேனில் ஏற்றிவிடும் காலத்தில் இவர் மட்டும் கழுதையை விடவில்லை. அதற்குச் 'சமையக்கட்டு' என்று பெயர் வைத்திருந்தார். உங்கள் மந்தைக்குப் பின்னால் நடக்க ஆட்களைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டதும், "எங்க பின்னாடி நடக்குறதுக்கு எதுக்கு ஆச்சி ஆளு? அதான் ஆடு இருக்கே" என்றார். ஆனாலும் ஒத்துக்கொண்டார். நார்த்தாமலைப் பக்கம் ஆரம்பித்து, கந்தர்வக்கோட்டை முந்திரிக்காடுகளில் முடியும் நடை. சில வருஷங்கள் நன்றாகவே நடந்தது.

அவர் மந்தையைக் கூப்பிடுவதைச் சொல்லியாக வேண்டும். முதலில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிக்கிற ஒரு சொடுக்கு. பிறகு அடிவயிற்றிலிருந்து நீண்ட ஒரு 'ஹோ...வ்'. அது அடங்கும் இடத்தில் வறண்ட இருமல் ஒன்று. அது பீடி கொடுத்த இருமல். கூப்பிட்டு முடித்ததும் மந்தை முழுக்கத் தலையைத் தூக்கும், இருமியதும் அவரைப் பார்த்து நடக்க ஆரம்பிக்கும். வந்தவர்கள் எல்லாம் அதைச் செய்து பார்ப்பார்கள். ஒரு ஆடு கூடச் சட்டை பண்ணாது. ஒவ்வொரு கீதாரிக்கும் ஒரு குரல், ஒவ்வொரு மந்தைக்கும் ஒரு காது என்று அவர் சொல்வார்.

வந்தவர்களில் ஒருவர் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் சார் என்றே கூப்பிட்டோம். அவருக்கும் கீதாரிக்கும் பீடியில் உண்டான சிநேகம். மனைவிக்குத் தெரியாமல் பிடிக்க இந்தக் காடுதான் அவருக்கு வசதி. அவர் கீதாரியின் குரலைப் போனில் பதிந்துகொண்டு போனார். சென்னையில் அவர் மகள் அதையே ரிங்டோனாக வைத்துக்கொடுத்திருக்கிறாள். அடுத்த நடைக்கு வந்தபோது கீதாரியிடம் போட்டுக்காட்டினார். பக்கத்தில் நின்ற ஆடுகள் சாரிடம் வந்து முட்டின. கீதாரி விழுந்து விழுந்து சிரித்தார். "மந்தைய சாரு பாத்துக்கிடட்டும். நான் சென்னைக்குப் போயி பாங்குல ஒக்காந்துக்கிறேன்" என்றார். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"கொரல வெளிய விடக்கூடாதுங்க" என்றார் அந்தம்மா. எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த மழைக்காலத்தில் கீதாரி செத்துப்போனார். ஊரில், மதியம் சாப்பிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. செய்தி கேட்டு நான் அழுதேன். சாரிடம் சொன்னபோது அவர் போனிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கீதாரிக்கு வயதாகி மந்தையை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது, பழையவரும் புதியவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றாகக் கூப்பிடுவார்கள். ஒரு குரலுக்குள் இன்னொரு குரல். பிறகு பழையவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். மந்தை புதியவரிடம் போய்விடும். குரல் மாற்றுவது என்பார்கள். மாற்றாமல் திடீரென்று செத்தால் அந்த மந்தை யாருக்கும் ஆகாது. உறவுகளுக்குள் பிரித்து, வேறு வேறு மந்தைகளில் கரைத்துவிடுவார்கள். அதுவரை அதை யாரும் பழைய குரலில் கூப்பிடக் கூடாது. கழுதையின் மணிச்சத்தத்துக்குப் பின்னால் ஊமையாக நடத்திப் போக வேண்டும். செத்தவர் சத்தத்தில் கூப்பிட்டால் மந்தை செத்தவரைத் தேடிப் போய்விடும் என்பது நம்பிக்கை.

அந்தம்மா பிரிக்க ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த மந்தையோடு நடந்தவர். குட்டி போட முடியாமல் தவித்த ஆடுகளுக்குக் கையை விட்டுக் குட்டியை எடுத்தவர். பிள்ளையில்லை. மந்தையும் போனால் அவருக்கு ஊரில் ஒரு மூலையும் ஒரு தட்டுச் சோறும்தான் மிச்சம். அவர்கள் ஆட்களின் கூட்டத்தில் ஒரு தவணை வாங்கினார். கந்தர்வக்கோட்டை முந்திரிக்காட்டில் கீதாரியின் தம்பி தன் மந்தையோடு இருக்கிறார். அங்கே போய்ச் சேருவதற்குள் இந்த மந்தை அந்தம்மாவின் குரலுக்கு வந்துவிட்டால் மந்தை அந்தம்மாவுக்கு. வராவிட்டால் பிரித்துக்கொள்ளலாம்.

அந்த வருஷ நடையை நிறுத்திவிடுகிறேன் என்றேன். "வேணாம் ஆச்சி. ஆளுக வரட்டும். அவுக இல்லாம இந்த வழிய நடக்கணுமில்ல, கூட யாராச்சும் நடந்தாத் தேவல" என்றார். சாரும் வந்தார். வேறு யாரையும் நான் சேர்க்கவில்லை.

அப்படி ஒரு நடையை நான் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. வழக்கமாக மந்தை போனால் ஊரே எழுந்திருக்கும். அந்த முறை மணிச்சத்தமும் குளம்புச்சத்தமும் மட்டும். நாங்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். வழியில் தெரிந்தவர்கள், "கீதாரி வரலையா?" என்று கேட்டார்கள். அந்தம்மா "வரலைங்க" என்று மட்டும் சொன்னார். செத்துப்போனார் என்று யாரிடமும் சொல்லவில்லை. எனக்கோ, அவர் பின்னால் எங்கோ ஒண்ணுக்குப் போக ஒதுங்கியிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று தடவை நின்று திரும்பிக்கூடப் பார்த்தேன். திரும்பினால் சாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் முன்னால் திரும்பி மந்தையை எட்டிப் பிடித்தோம்.

சாயங்காலம் கிடை அடைக்கிற நேரம் அந்தம்மா தன் குரலில் கூப்பிடுவார். சொடுக்கு கிடையாது, 'ஹோவ்' கிடையாது. "வா... வா... வா..." என்று சாதாரணமாக, பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவது போல. ஆடுகள் தலையைத் தூக்கும். அந்தம்மாவைப் பார்க்காது. அவர் தோளுக்குப் பின்னால் பார்க்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப மேயப் போய்விடும். சமையக்கட்டு மட்டும் காதை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

"நான் கூப்புட்டு வாரது இது ஒண்ணுதேன்" என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். பிறகு நாங்கள் மூன்று பேரும் கூலிக்கு வந்த ஆளும் நாயுமாக மந்தையைச் சுற்றி வளைத்து, தள்ளித் தள்ளிக் கிடைக்குள் அடைப்போம்.

தம்பி தினமும் டூ வீலரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை. "மதினி, எதுக்கு இம்புட்டுக் கஷ்டம்? பிரிச்சுட்டா ஒங்களுக்கும் ஒரு பங்கு. ஊருல நெழல்ல இருந்து சாப்புடலாமுல்ல" என்றார்.

"ஒக்காந்து சாப்புட நான் என்ன நோயாளியா?" என்றார் அந்தம்மா.

கடைசி நாள். தஞ்சாவூர் ரோட்டைத் தாண்டினால் முந்திரிக்காடு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் புளியமரங்களின் நிழலில் மந்தை உச்சிவெயிலுக்கு ஒண்டி நின்றது. தலைகளை ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று நுழைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. தம்பியும் வந்துவிட்டார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஆடுகளை எண்ண ஆரம்பித்தார். அந்தம்மா காலையிலிருந்து நூறு தடவையாவது கூப்பிட்டிருப்பார். தொண்டை கட்டிவிட்டது.

அப்போது சாரின் சட்டைப்பையிலிருந்து கீதாரி கூப்பிட்டார்.

சொடுக்கு. நீண்ட 'ஹோ...வ்'. இருமல்.

போனை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தேன். அணைத்துவிட்டதாகத்தான் அவரும் நினைத்திருந்தார். மந்தை மொத்தமும் ஒரே நேரத்தில் தலையை உருவியது. சார் பதறிப் பைக்குள் கையை விட்டால் போன் வரவில்லை. மறுபடியும் சொடுக்கு, மறுபடியும் குரல். ஆடுகள் சாரை நோக்கி நடந்தன. ஓடவில்லை, நடந்தன. வந்து அவரைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்தன. பிறகு அவருக்குப் பின்னால் பார்த்தன. அந்தச் சத்தம் நின்றது. லோன் வேண்டுமா என்று யாரோ கேட்க வந்த அழைப்பு அது என்று பிறகு தெரிந்தது.

அதற்குப் பிறகு கேட்டதை நான் மறக்க மாட்டேன். கிழட்டு ஆடு ஒன்று கத்தியது. பசிக்குக் கத்துவது வேறு, குட்டிக்குக் கத்துவது வேறு. இது இரண்டும் இல்லை. அதைத் தொடர்ந்து எல்லாம் கத்த ஆரம்பித்தன. கத்திக்கொண்டே தேட ஆரம்பித்தன. புளியமரங்களுக்குப் பின்னால், வாய்க்காலுக்குள், ரோட்டின் மேல். மணல் லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. தம்பி ரோட்டில் நின்று கையை வீசிக் கத்தினார். எதுவும் திரும்பவில்லை. அந்தம்மா கட்டிய தொண்டையோடு "வா... வா..." என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

அந்தம்மா நேராகச் சாரிடம் வந்தார். "சாரு, அத இன்னொருக்காப் போடுங்க."

சார் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தச் சத்தம் போனுக்குள் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மகள் வைத்துக்கொடுத்தது. "யாராவது கூப்பிட்டாத்தாம்மா வரும்" என்றார். அவர் நம்பர் என்னிடம் இருந்தது.

"மதினி, வேணாம்!" என்று தம்பி ரோட்டிலிருந்து கத்தினார். "செத்தவுக கொரலு. மந்தை அவுக பின்னாடியே போயிரும்!"

"போகட்டும். முன்னாடி நாந்தேன நிக்கிறேன்" என்றார் அந்தம்மா. சாரிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு வரப்பின் மேல் ஏறி, நெஞ்சோடு அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆச்சி, கூப்புடுங்க."

செத்த மனிதரைக் கூப்பிட ஒரு நம்பர் இருந்தது, அது என் கையில் இருந்தது. என் விரல் அதன் மேல் இறங்க மறுத்தது. பயம்தான், வேறென்ன. சிக்னல் வேறு ஒற்றைக் கோடு. அழுத்தினேன். சத்தமே இல்லை. போகவில்லை என்று நினைத்த நேரத்தில் அந்தம்மாவின் நெஞ்சிலிருந்து கீதாரி கூப்பிட்டார்.

அந்தம்மாவும் வாயைத் திறந்தார். இத்தனை நாள் எடுக்காத சத்தத்தை எடுத்தார். அதே சொடுக்கு, அதே 'ஹோ...வ்', ஆணின் குரலுக்குள் ஒரு பெண்ணின் குரல். முதலில் அவர் குரல் தெரியவே இல்லை. இரண்டாம் தடவை ஓரமாகத் தெரிந்தது. ரோட்டில் நின்ற ஆடுகள் திரும்பின. வாய்க்காலுக்குள்ளிருந்து ஏறி வந்தன. மூன்றாம் தடவை இரண்டு குரலும் சரிக்குச் சரி. எனக்குக் கண் மறைத்தது. பக்கத்தில் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தம்மா என்னைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினார். அழைப்பைத் துண்டித்தேன்.

அந்தம்மா மட்டும் கூப்பிட்டார். மந்தை வரப்பைச் சுற்றி வந்து நின்றது. அவர் முகத்தைப் பார்த்தது. ஆனால் அவர் இறங்கி நடந்தபோது ஒன்றும் பின்னால் போகவில்லை. எதற்கோ காத்திருந்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டார். முடிந்துபோயிற்று என்று நானும் நினைத்தேன்.

அந்தம்மா நின்றார். திரும்பவில்லை. வறட்டு இருமல் ஒன்று இருமினார்.

மந்தை நகர்ந்தது. அவர் பின்னால் ரோட்டைத் தாண்டி, நின்றிருந்த லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, முந்திரிக்காட்டுக்குள் போனது. கடைசி ஆடு தாண்டும்வரை தம்பி துண்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கே சார் மகளைக் கூப்பிட்டு, எப்படி அழிப்பது என்று அவள் சொல்லச் சொல்ல அந்தக் குரலை அழித்தார். அந்தம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

இப்போது அந்தம்மாதான் கீதாரி. நடையும் நடக்கிறது. தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறார், கூப்பிட்டதும் இருமுகிறார். புதிதாக வருபவர்களுக்கு ஒன்றும் தெரியாது. போன தடவை வந்த டாக்டர் பெண் ஒருத்தி, "இந்த இருமல விடாதீங்கம்மா, எக்ஸ்ரே எடுங்க" என்று மருந்து பாட்டில் ஒன்று கொடுத்தாள். அந்தம்மா இரண்டு கையாலும் வாங்கிச் சமையக்கட்டின் கூடையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அவருக்குப் பீடியும் கிடையாது, சளியும் கிடையாது.

அவள் போன பிறகு கேட்டேன். "இத்தனை வருஷமாச்சே, இருமாமக் கூப்புட்டுப் பாத்தா என்ன?"

"பாத்தேன் ஆச்சி. ஆடு வந்துருது" என்றார். கூடையின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். "எனக்குத்தேன் கால் எடுத்து வைக்க வரமாட்டேங்குது."